காசிக்குப் போகக் காசு சேர்ப்பது: 17 மாதக் கணக்கு

"மாசம் ஏழாயிரம் போட்டா ஒன்றரை வருஷத்துல காசிக்குப் போயிடலாம்" என்று மனக்கணக்கில் தொடங்கும் சேமிப்பு பெரும்பாலும் ஜூன் மாதத்தில் நின்றுவிடும். பள்ளிக் கட்டணம் வரும், அந்த மாதத்து ஏழாயிரம் அதற்குப் போகும். அடுத்த மாதம் சேர்த்துப் போடலாம் என்று நினைத்தால் ஆடித் தள்ளுபடி வந்து நிற்கும். அப்புறம் தீபாவளி. சம்பளம் மாதாமாதம் ஒரே அளவில் வந்தாலும் செலவு அப்படி வருவதில்லை. சேமிப்பையும் சமமாகப் பிரிக்கக் கூடாது. இந்தக் கட்டுரையின் கணக்கு முழுவதும் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

உதாரணத்துக்குத் திருச்சியிலிருந்து நான்கு பேர் போவதாக வைத்துக்கொள்வோம்: கணவன், மனைவி, இரு வீட்டு அம்மாக்கள். காசி, பிரயாகை, கயா மூன்றும் பார்க்க வேண்டும். போக வர ரயிலில் ஐந்து நாள், அங்கே எட்டு நாள், ஆக 13 நாள்.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டிசம்பர், ஜனவரியில் வடக்கே பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். மே, ஜூன் வெயில் வயதானவர்களுக்கு ஆகாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கையில் வெள்ளம் ஏறினால் படித்துறைகள் மூழ்கும், படகும் ஓடாது. ஐப்பசி, கார்த்திகை நல்ல பருவம்தான். ஆனால் தீபாவளிக்கு அன்னபூரணி தரிசனத்துக்கும், கார்த்திகைப் பௌர்ணமிக்குத் தேவ தீபாவளிக்கும் கூட்டம் அலைமோதும், அறை வாடகையும் எகிறும். மாசி மாதம், சிவராத்திரி வாரத்தைத் தவிர்த்துவிட்டால், எல்லா வகையிலும் தோது. எனவே இலக்கு பிப்ரவரி 20. செப்டம்பரில் தொடங்கினால் மறு வருஷத்தைத் தாண்டி ஜனவரி முடிய 17 மாதம் கிடைக்கும்.

செலவைப் பிரித்து எழுதுதல்

"மொத்தம் ஒரு லட்சம் ஆகும்" என்று ஒரே வரியில் எழுதினால் அது கணக்கே இல்லை. தலைப்பு தலைப்பாக எழுத வேண்டும். கீழே உள்ளவை திட்டத்துக்கான தொகைகள். உங்கள் ஊருக்கும் வசதிக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ரயில், தேர்ட் ஏசி, ஒருவருக்கு ஒரு வழிக்கு 2,700 வீதம் நான்கு பேருக்குப் போக வர: 21,600
வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு: 1,500
அறை, இரண்டு அறை எட்டு இரவு, 900 வீதம்: 14,400
சாப்பாடு, ஆளுக்கு நாளுக்கு 350 வீதம் 13 நாள்: 18,200
பிரயாகைக்குக் கார்: 4,500
கயாவுக்குக் கார்: 8,500
உள்ளூர் ஆட்டோ, படகு: 4,000
சிராத்தம், வேணி தானம் (பிரயாகையில் பெண்கள் கூந்தல் நுனியைக் கொடுக்கும் சடங்கு), தட்சிணை: 15,000
புடவை, சொம்பு, பிரசாதம், உறவுக்குக் கொடுக்க: 8,000
போகும் முன் ராமேஸ்வரம்: 4,000
வந்த பின் ராமேஸ்வரம்: 4,000
வீட்டில் சமாராதனை: 6,000

கூட்டினால் 1,09,700. எதிர்பாராததற்கு 10,300 சேர்த்து 1,20,000 என்று முடியுங்கள்.

கடைசி மூன்று வரிகளைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். முறைப்படி ராமேஸ்வரத்தில் நீராடி, அங்கே எடுத்த மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரை எடுத்து வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்த பிறகுதான் யாத்திரை நிறைவடையும். ராமேஸ்வரம் இரண்டு தடவை வருகிறது. வீட்டில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதும் உண்டு. இதை எழுதாமல் போய்விட்டு, திரும்பியதும் கைமாற்று வாங்கிச் சமாராதனை செய்வது ஊரில் சாதாரணமாக நடப்பதுதான்.

பிரயாகை காசியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், கயா சுமார் 250. கயாவுக்குக் காருக்குப் பதில் ரயிலில் போனால் பாதிக்கு மேல் மிச்சமாகும். முகல்சராய் என்று இன்றும் பலர் சொல்லும் தீன் தயாள் உபாத்யாயா சந்திப்பிலிருந்து கயாவுக்கு ரயில்கள் நிறைய. வயதானவர்களோடு படி ஏறி இறங்க வேண்டியதை யோசித்து முடிவு செய்யுங்கள். இந்த ஒரு இடத்தில் காரை வெட்டாமல் வைத்திருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. அறையில் மிச்சம் பிடிக்கலாம். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் போன்ற தமிழர் சத்திரங்களும் மடங்களும் இருக்கின்றன, முன்கூட்டியே கேட்டு உறுதி செய்தால் ஹோட்டலை விடக் குறைவாக முடியும்.

எந்த மாதம் எவ்வளவு

1,20,000-ஐ 17-ஆல் வகுத்தால் ஏழாயிரத்துச் சொச்சம். இந்தத் தொகையை மறந்துவிடுங்கள். ஒரு தாளில் 17 மாதத்தையும் வரிசையாக எழுதி, உங்கள் வீட்டில் கை கடிக்கும் மாதங்களைச் சுழியுங்கள். பொதுவாக ஜூன் பள்ளிக்கு, அக்டோபர் தீபாவளிக்கு (நவம்பரில் தீபாவளி வரும் வருஷத்திலும் ஜவுளி, பலகாரச் செலவு அக்டோபரிலேயே தொடங்கிவிடும்), ஜனவரி பொங்கலுக்கு. இந்த 17 மாதத்தில் அக்டோபர் இரண்டு, ஜனவரி இரண்டு, ஜூன் ஒன்று, ஆக ஐந்து சுழி. மொய் அதிகம் எழுதும் வீடாக இருந்தால் வைகாசியும் ஆவணியும் சேரும். நெல் அறுப்பை நம்பிய வீட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்: தை மாதம்தான் பெரிய தவணை போடும் மாதம்.

சுழித்த ஐந்து மாதமும் 3,000 மட்டும். மற்ற 12 மாதமும் 8,500. அதாவது 3,000 என்பது எந்த மாதமும் நிற்காத அடித்தவணை, 5,500 என்பது நல்ல மாதங்களில் மட்டும் வரும் மேல்தவணை.

அடித்தவணைக்கு வங்கி ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு. செப்டம்பர் முதல் வாரத்தில் 15 மாத ஆர்டி தொடங்கினால் மறு வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் முதிரும். 45,000 போட்டது, 6 சதவீத வட்டி என்று வைத்தால் சுமார் 1,800 சேர்ந்து வரும். டிசம்பர், ஜனவரி 3,000-களைச் சேமிப்புக் கணக்கிலேயே போட்டால் போதும். மேல்தவணை 12 தடவை 5,500 என்றால் 66,000. அதைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டால் கிட்டத்தட்ட 1,300 வட்டி. எல்லாம் சேர்த்து 1,20,100.

மேல்தவணையையும் சேர்த்து 8,500-க்கே ஆர்டி போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஆர்டியில் தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு இவ்வளவு என்று அபராதம் பிடிப்பார்கள், தொடர்ந்து தவறினால் சில வங்கிகள் கணக்கையே முடித்துவிடும். நடுவில் உடைத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைப்பார்கள். அபராதம் சின்னதுதான். ஆனால் இரண்டு தடவை தவறியதும் "இனி எங்கே" என்று மொத்தமாக விட்டுவிடுவது மனித இயல்பு. எந்த மோசமான மாதத்திலும் கட்டக்கூடிய தொகைக்கு மட்டுமே ஆர்டி. சம்பளம் ஏறும் தேதிக்கு மறுநாள் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி உத்தரவு கொடுத்துவிடுங்கள். சம்பளத் தேதியன்றே வைத்தால் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போகும் மாதத்தில் தவணை திரும்பிவிடும்.

தீபாவளி போனஸ் வந்தால் அதில் பாதியை யாத்திரைக் கணக்கில் போடுங்கள். ஆனால் திட்டத்தில் அதைக் கணக்கு எழுதாதீர்கள். வந்தால் ஜனவரித் தவணைக்குப் பதிலாக இருக்கட்டும்.

எங்கே போடக் கூடாது

தபால் அலுவலக ஆர்டி நல்ல திட்டம், ஆனால் இதற்கு அல்ல. அது ஐந்து வருஷத் திட்டம். மூன்று வருஷம் ஆன பிறகுதான் நடுவில் முடிக்க முடியும், அப்படி முடித்தாலும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். 17 மாதத்தில் கையில் வேண்டிய பணம் அங்கே மாட்டிக்கொள்ளும்.

நகைக்கடை மாதச் சீட்டும் வேண்டாம். 11 மாதம் கட்டி முடித்தால் நகையாகத்தான் வாங்க முடியும், ரொக்கமாகத் தர மாட்டார்கள். "நகையாக வாங்கி அடகு வைத்துப் போய் வரலாம்" என்ற யோசனையில் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி, அடகு வட்டி என்று நான்கு இடத்தில் பணம் கரையும். பங்குச் சந்தை ஃபண்டில் எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) போடுவது பத்து வருஷக் கணக்குக்கு. ரயில் முன்பதிவு திறக்கும் டிசம்பர் 22 காலை எட்டு மணிக்குப் பணம் வேண்டும் என்று இருக்கும்போது சந்தை இறங்கிக் கிடந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏலச்சீட்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் பல வீடுகளில் இதுதான் உண்மையான சேமிப்பு. ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 என்று வையுங்கள். நான்காம் மாதம் ஒருவர் ஏலத்தில் 25,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறார். அவர் கைக்கு 75,000. தள்ளியதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது 5,000 போக மீதி 20,000 இருபது பேருக்கும் கசராகப் பிரியும். ஆளுக்கு ஆயிரம். அந்த மாதம் நீங்கள் கட்டுவது 4,000. கடைசி வரை எடுக்காமல் இருப்பவருக்குக் கசர் எல்லாம் சேர்ந்து நல்ல லாபம். முன்பே எடுப்பவருக்கு இது சேமிப்பு இல்லை, கடன்.

யாத்திரைக்குச் சீட்டு போடுவதென்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, சீட்டு முடியும் மாதம். இந்த உதாரணத்தில் டிசம்பர் என்பது 16-வது மாதம். 20 மாதச் சீட்டு போட்டால் நான்கு மாதம் முன்னதாக ஏலத்தில் எடுத்தாக வேண்டும், அதே மாதம் பொங்கலுக்கு வேறு நாலு பேருக்கும் பணம் வேண்டியிருந்தால் தள்ளு ஏறும். 15 மாதச் சீட்டாகப் பார்த்துப் போடுங்கள். இரண்டு, பதிவு. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி நடக்கும் சீட்டுக்குப் பதிவுத்துறையின் தொடக்கச் சான்றிதழ் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தெருவில் தெரிந்த அக்கா நடத்தும் சீட்டில் அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எடுத்துவிட்டுக் கட்டாமல் போகிற பதினோராவது ஆளை நம்மால் கட்டுப்படுத்த முடியாது.

பணம் எங்கே ஒழுகுகிறது

தனிச் சேமிப்புக் கணக்கு என்றால் உண்மையிலேயே தனியாக இருக்க வேண்டும். யுபிஐ செயலியில் அந்தக் கணக்கை இணைக்காதீர்கள். ஏடிஎம் அட்டையைப் பர்ஸில் வைக்காமல் பீரோவில் வையுங்கள். கடைக்காரர் கியூஆர் கோடை நீட்டும்போது செயலி "எந்தக் கணக்கு?" என்று கேட்டாலே அந்தப் பணம் பாதி போன மாதிரிதான்.

தொடங்கும் முன் ஒரு மாத வீட்டுச் செலவுக்கான தொகை வேறு இடத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று மாதம் அதைச் சேருங்கள், யாத்திரை ஐப்பசிக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. பிரிட்ஜ் பழுதானாலும் ஜுரம் வந்தாலும் முதலில் கை வைப்பது யாத்திரைப் பணத்தில்தான்.

எட்டாவது மாதம் செலவுத் தாளை எடுத்து ரயில் கட்டணத்தையும் கார் வாடகையையும் மறுபடி விசாரியுங்கள். மூவாயிரம் ஏறியிருந்தால் மீதி மேல்தவணைகளில் பிரித்துவிடலாம். டிசம்பரில் தெரியவந்தால் எதிர்பாராததற்கு வைத்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

இன்னொரு பெரிய ஒழுக்கு, கூட வருபவர். "நீங்க போறீங்களா, அப்ப நானும் வரேன்" என்று அத்தை சொல்லுவார், மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு ரயிலும் சாப்பாடும் மட்டும் 9,950. அறையில் மூன்றாவது ஆள், காரில் ஐந்தாவது ஆள், கயாவில் இன்னொரு சங்கல்பம் எல்லாம் தனி. "ரயில் டிக்கெட் டிசம்பர்ல போடணும், நவம்பர் கடைசிக்குள்ள பத்தாயிரம் குடுத்துடுங்க அத்தை, மீதியை வந்து பார்த்துக்கலாம்" என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். தொகையைச் சொல்வதை விடத் தேதியைச் சொல்வது எளிது, தொகையும் கூடவே வந்துவிடும்.

சில்லறை நோட்டு டப்பா

காசியிலும் கயாவிலும் பத்து, இருபது ரூபாய் நோட்டு இல்லாமல் நகர முடியாது. ஏடிஎம்மில் வருவது 500, 200, 100. படித்துறையில் நூறு ரூபாய் நீட்டினால் மீதி வராது, "தர்மம்தானே" என்று முடிந்துவிடும். எனவே தட்சிணைக்கு ஒதுக்கிய 15,000-இல் ஒரு பகுதியை முதல் வாரத்திலிருந்தே நோட்டாகச் சேருங்கள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். வாரம் பத்து ரூபாய் நோட்டு ஐந்து என்றால் 70 வாரத்தில் 350 நோட்டு, 3,500 ரூபாய். காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் வரும் நல்ல நோட்டைப் பொறுக்கிப் போடுங்கள், கிழிந்ததை அங்கேயும் வாங்க மாட்டார்கள். இதை அம்மாக்களிடம் ஒப்படைத்துவிட்டால் கணக்கு தப்பாது.

புரோகிதரிடம் பேசும்போது "சிராத்தம் எவ்வளவு" என்று கேட்காமல் "பிண்டச் சாமான், பிராமண போஜனம், தானம், தட்சிணை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் பாதித் தொகைதான்.

டிக்கெட் வாரம்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, அதற்கு முன் 120 நாளாக இருந்தது. பிப்ரவரி 20 புறப்படும் ரயிலுக்கு டிசம்பர் 22 காலை 8 மணி. நாள் கணக்கு ரயில் கிளம்பும் ஊரின் தேதியை வைத்துத்தான், உங்கள் ஊருக்கு அது மறுநாள் அதிகாலை வந்தாலும் சரி. கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் (காசி) போகும் காசித் தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸும், ராமேஸ்வரம் – பனாரஸ் எக்ஸ்பிரஸும் திருச்சி வழியாகவே போகின்றன. இரண்டுமே வாரம் ஒரு முறை. ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம்தான். கிடைக்காவிட்டால் சென்னை சென்ட்ரலிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, திருச்சி – சென்னைச் செலவு தனியாகச் சேரும்.

திரும்பும் டிக்கெட் அன்றே கிடைக்காது. திரும்பும் தேதி பத்து நாள் கழித்து என்றால் அதன் முன்பதிவும் பத்து நாள் கழித்துத்தான் திறக்கும். அதனால் 21,600 ஒரே நாளில் வேண்டாம், 10,800 வீதம் இரண்டு நாளில். முந்தின நாள் மாலை அந்தத் தொகையை மட்டும் பணம் கட்டும் கணக்குக்கு மாற்றுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். முன்பதிவு திறக்கும் நாளில் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் முதல் வாய்ப்பு.

இரண்டு அம்மாக்களுக்கும் தனி டிக்கெட் போடுங்கள். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அது பொருந்தாது. முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் உறுதியாகாமல் பணம் திரும்பினால், அல்லது தீட்டு வந்து ரத்து செய்ய நேர்ந்தால், அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதற்கே வரும். அது வீட்டுச் செலவுக் கணக்கு. வந்த அன்றே யாத்திரைக் கணக்குக்குத் திருப்பி அனுப்பாவிட்டால் மளிகையில் கலந்துவிடும். தீட்டினால் பயணம் தள்ளினால் கணக்கை மூடாமல் அப்படியே வையுங்கள், அடுத்த பருவத்துக்குக் கட்டண உயர்வை மட்டும் சேர்த்தால் போதும்.

புறப்படும் நாளில் கணக்கில் என்ன இருக்க வேண்டும் என்று பாருங்கள்: டிக்கெட் 21,600 போயிருக்கும், முதல் ராமேஸ்வரத்துக்கு 4,000 போயிருக்கும். மீதி 94,400. இதில் வழியில் செலவாகப் போவது 74,100, எதிர்பாராததற்கு 10,300. கடைசி 10,000 வந்த பிறகு ராமேஸ்வரத்துக்கும் சமாராதனைக்கும். அந்தப் பத்தாயிரத்தைக் கொண்டு போகாதீர்கள், காசிப் பட்டுக்கடையில் அது நிற்காது. ஊரில் இருக்கும் தம்பியிடமோ தங்கையிடமோ மாற்றிவிட்டு, வந்த வாரமே ராமேஸ்வரத்துக்கு நாள் பார்த்துவிடுங்கள்.